தாய்மார் அஞ்சலோட்டம்

எனக்கு ஆட்களின் முகம் மனதில் நிற்பதில்லை, கால்தான் நிற்கும். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் ஒரு விளையாட்டு மைதானத்தை இருபத்தெட்டு வருடம் பராமரித்தவனுக்கு அப்படித்தான் அமையும். புல் வெட்டுவது, பாய்ச்சல் குழியின் மணலைக் கிளறுவது, கோடு போடுவது எல்லாமே குனிந்து செய்கிற வேலை. நிமிரும்போது முதலில் கண்ணில் படுவது யாருடையதாவது சப்பாத்து. அந்தச் சப்பாத்து உதைபந்தாட்டச் சப்பாத்தாக இருந்து, அது என் செந்நிற ஓடுபாதையைக் குறுக்கே கடந்தால் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும். டொச்சில் ஏசத் தொடங்கித் தமிழில் முடிப்பேன். கழகத்துப் பெடியன்கள் சிலருக்கு யாழ்ப்பாணத்து ஏச்சு நாலைந்து இன்றைக்கும் பாடம்.

அவளையும் முதலில் ஏசத்தான் போனேன். ஒரு வைகாசி மாதக் காலை, நான் பெரிய கேற்றைத் திறக்கமுன்னரே யாரோ உள்ளே நான்காம் பாதையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேலி பாய்ந்து வந்திருக்க வேண்டும். கத்துவதற்கு வாயைத் திறந்தவன் கத்தவில்லை. காரணம் அந்தக் கால்கள். என்னைத் தாண்டிப் போகையில் சத்தமே கேட்கவில்லை. கழகத்து ஓட்டக்காரர்கள் போனால் தாளத்தோடு தபதபவென்று கேட்கும். இவள் சூடான சட்டியில் கால் வைத்து எடுப்பவள் மாதிரி, பட்டும் படாமலும் போனாள்.

திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். டொச் நாலு சொல்லு, ஆங்கிலம் மிச்சம். என்னுடைய ஆங்கிலமும் அந்த லட்சணம்தான். பிறகு வந்த வருடங்களில் அவளுடைய டொச் என்னுடையதைவிட நன்றாகிவிட்டது. எங்கள் கதை முழுக்க அந்த மொழியில்தான் நடந்தது. ஆனால் என் காதுக்குள் அவள் எப்போதும் தமிழில் பேசுவதுபோலத்தான் இருக்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

"எந்த ஊர் பிள்ளை?" என்று கேட்டேன்.

"கரீபியன் கடலுக்கை ஒரு சின்னத் தீவு. எங்கட நாட்டுச் சனம் முழுப்பேரும் வந்தாலும் உங்கட ஊர் உதைபந்தாட்ட மைதானத்திலை இருந்திடலாம். அதுக்குப் பிறகும் கதிரை மிச்சம் கிடக்கும்."

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. நூறு மீற்றர் ஓடுகிறவள். பள்ளிக்கூட இல்லப் போட்டியில் வெறுங்காலோடு ஓடித் தொடங்கி, தீவுச் சம்பியனாகி, ஓட்டத்துக்காகவே அமெரிக்காவில் படிக்கப் போய், ஒரு தடவை உலகப் போட்டியில் அரையிறுதி வரைக்கும் ஓடியவள். அந்த அரையிறுதியைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்காக அவளுடைய தீவில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்களாம். கோடைகாலத்தில் ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போட்டிகள் நடக்கும். அவற்றில் ஓடுவதற்கு நடுவில் ஓர் இடம் வேண்டும் என்று, எங்கள் கழகத்துப் பயிற்சியாளரைத் தெரிந்ததால் டோர்ட்மண்டில் ஓர் அறை எடுத்திருந்தாள். ஒரு கோடைக்கு என்று வந்தவள் ஏழு கோடை வந்தாள்.

எல்லாரும் என்னை அண்ணை என்று கூப்பிட்டதால் அவளும் அண்ணை என்றாள். நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் நேரம் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். ரொட்டியைக் கண்டதும் "ரொட்டி!" என்றாள், எங்கள் சொல்லிலேயே. அவளுடைய பக்கத்திலும் அதற்கு அதுதான் பெயராம். என் மனைவி கொடுத்துவிட்ட கட்டைச் சம்பலைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, "உறைப்புப் போடாமல் செய்தவவோ?" என்று கேட்டாள். வீட்டில் போய் அதைச் சொன்னேன். அடுத்த நாள் வந்த சம்பலில் எனக்கே கண்ணால் தண்ணீர் ஓடியது. அவள் சிரித்துக்கொண்டு முழுவதையும் வழித்துச் சாப்பிட்டாள்.

அந்த ஏழு கோடைகளையும் இப்போது நினைத்தால் ஒரே நீளமான காலை நேரமாகத்தான் தெரிகிறது. நான் தண்ணீர் விசிறியைப் பூட்டிக்கொண்டிருப்பேன், அவள் தொடக்கக் கட்டைகளைக் காலால் தட்டிப் பார்ப்பாள். நான்காம் பாதையில் முப்பதாவது மீற்றரில் நான் ஒட்டுப் போட்ட இடம் ஒன்று உண்டு. அதில் கால் பட்டால் அன்றைக்கு நல்லாய் ஓடுவேன் என்பாள். நான் அந்த ஒட்டைச் சுற்றி யாருக்கும் தெரியாமல் கூட்டித் துப்புரவாக வைத்திருந்தேன். இதை எந்த மேலதிகாரியிடமும் நான் சொன்னதில்லை.

ஓடுகிறவளின் வாழ்க்கையைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் ஏதோ என்று நினைக்கிறார்கள். முதல் இரண்டு கோடையும் அவளுக்கு நடுப்பாதைகள் கிடைத்தன, விமானத்தில் போனாள், விடுதி அறையில் அவளுடைய பெயர் எழுதிய பழத்தட்டு இருந்தது. பிறகு விளிம்புப் பாதைகள். பிறகு யாராவது வராவிட்டால் ஓடலாம் என்கிற காத்திருப்புப் பட்டியல். போலந்து எல்லைக்குக் கிட்ட ஒரு சின்ன ஊருக்குப் பிராந்திய ரயிலில் நாலு தடவை மாறிப் போய், ஓடாமல் திரும்பி வந்தாள். ஓடக் கிடைத்த சின்னப் போட்டிகளை "யார் பார்த்தது?" என்று கேட்டால், "நடுவர்மாரும் ஒரு நாயும்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் ஆத்திரம் வரும்.

ஏழாவது கோடையில் அவளுக்கு வயது முப்பத்திரண்டு. உலகப் போட்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்குப் போக ஒரு தகுதி நேரம் உண்டு. அந்த நேரத்துக்கும் அவளுடைய நேரத்துக்கும் இடையில் கண் இமைக்கிற அளவு கூட இல்லை. கடைசித் திகதிக்குமுன் ஒரேயொரு போட்டிதான் மிச்சம், வரும் புதன்கிழமை, ரயிலில் இரண்டு மணித்தியாலம் தள்ளி. இதுதான் கடைசி, கிடைத்தால் ஓடிவிட்டு நிறுத்துவேன், கிடைக்காவிட்டால் அப்படியே நிறுத்துவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். எனக்கு எல்லாம் தெரியும். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டி. மைதானத்துக்கு நகரசபையில் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டு எடுத்துக் கொடுப்பது ஒவ்வொரு வருடமும் நான். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் நடப்பது மாதிரியே நடத்துவோம். பிள்ளைகள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று இல்லம், அதாவது மூன்று அணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடனைக் கூடாரம், சோடனைக்கும் புள்ளி உண்டு. கொடியேற்றம், அணிநடை, பேச்சு, பிறகு ஓட்டம். பிரதம விருந்தினருக்கு மாலை போட்டு, நிலம் வரைக்கும் வெள்ளைத் துணி தொங்கும் மேசைக்குப் பின்னால் இருத்துவோம். அந்த வருடம் பிரதம விருந்தினராக வர ஒத்துக்கொண்டவர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எல்லாரும் முழிக்க, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"உலகப் போட்டியிலை ஓடின ஆளை நான் கூட்டிவாறன்" என்றேன்.

கேட்டதும் அவள் உடனே சம்மதித்தாள். மஞ்சள் பூப்போட்ட சட்டையும் வார் வைத்த தோல் செருப்புமாக வந்தாள். மாலை போட்டோம். மேசைக்குப் பின்னால் இருந்தாள். சோடனைக் கூடாரங்களைக் கண்டதிலிருந்தே அவளுடைய முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"அண்ணை, இது என்ர பள்ளிக்கூடம்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். அவளுடைய தீவிலும் இல்லங்கள் உண்டாம், கொடிகள் உண்டாம், அணிநடை உண்டாம். வெள்ளைக்காரன் எங்களுக்கு விட்டுப்போன அதே பள்ளிக்கூடத்தை அங்கேயும் விட்டுப்போயிருக்கிறான். ஆறு வருடமாக நாங்கள் ரொட்டி பற்றிக் கதைத்தோம், வெயில் பற்றிக் கதைத்தோம், இதைக் கதைக்கவே இல்லை. அடுத்ததாக ஒலிபெருக்கியில் தேசிக்காய் ஓட்டம் என்று அறிவித்தார்கள். சின்னப் பிள்ளைகள் கரண்டியை வாயில் கடித்து அதில் தேசிக்காயை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவள் மேசையில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"தேசிக்காய்! முட்டை இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, தேசிக்காய்! நான் இதிலைதான் முதன்முதல் வெண்டனான். ஏழு வயசிலை. நீல இல்லம்."

"நீலமோ?" என்றேன். "நானும் நீலம்தான் பிள்ளை. ஊரிலையும் நீலம், இஞ்சையும் நீலம்."

இல்ல விஷயத்தில் நான் ஒரு பைத்தியம், மறைக்க ஒன்றுமில்லை. பதினாறு வயதில் நீல இல்லத்துக்கு அணித்தலைவனாக நின்றவன், ஐம்பது வயது தாண்டியும் இறங்கவில்லை. அன்றைக்குக் கடைசி நிகழ்ச்சி தாய்மார் அஞ்சலோட்டம். அதற்கு முன்னர் புள்ளிகளைப் பார்த்தால் மஞ்சள் முன்னால், நீலம் நாலு புள்ளி பின்னால். அஞ்சலோட்டத்தில் வென்றால் கேடயம் எங்களுக்கு. அந்த நேரம் பார்த்து எங்கள் நாலாவது தாய் ரோல்ஸ் கடையை விட்டு வர ஏலாது என்றுவிட்டா. எண்ணெய் கொதிக்கிறதாம்.

ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டிருந்த அண்ணைக்கு எப்போதும் நாக்கில் சனி. "நீல இல்லத்துக்கு ஒரு ஆள் குறையுது. எங்கட பிரதம விருந்தினர் மேசையிலை சும்மாதானே இருக்கிறா?" என்றார். சனம் ஓவென்று கத்தியது. மஞ்சள் இல்லத்துத் தாய்மார்கூடக் கைதட்டினார்கள். சம்பியனோடு ஓடினோம் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன சொல்லினம்?"

"உம்மை ஓடட்டாம். நீலத்துக்கு."

அவள் தொடர்ந்து என் முகத்தையே பார்த்தாள். நானும் அவள் முகத்தையே பார்த்தேன். அத்தனை வருடமாக, உடம்பு சூடாக்காமல் ஓடாதே, ஓடாதே என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன்! மூன்று மணித்தியாலம் கதிரையில் மடங்கியிருந்த கால் அது. புதன்கிழமை எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டு, நாலு புள்ளிக்காக, நான் தலையாட்டினேன்.

அவள் எழும்பி வெறுங்காலோடு புல்லில் இறங்கிப் போனாள்.

கோல் அவளுடைய கைக்கு வரும்போது மஞ்சள் இல்லத்து அக்கா முன்னுக்குப் பாதித் தூரம் போய்விட்டா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நல்ல ஓட்டம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். அந்தப் பூப்போட்ட சட்டை, கழுத்தில் கழற்ற மறந்த மாலை, புல்லில் சத்தமே இல்லாமல் அந்தக் கால்கள். "நீலம்! நீலம்! நீலம்!" என்று முழுச் சனமும் கத்தியது, சிவப்பு இல்லம்கூட. கயிற்றுக்கு இரண்டு முழம் இருக்கையில் அக்காவைத் தாண்டினாள். அக்காவே அவளைக் கட்டிப்பிடித்தா. எல்லாரும் ஓடிப்போய்ச் சுற்றி நிற்க, கூட்டத்தின் கால்களுக்கிடையில் நான் அவளுடைய காலைத் தேடினேன். இடது கால் நிலத்தில் முழுதாகப் படவில்லை. விரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். சர்பத்துக் கடையிலிருந்து ஐஸ் வாங்கித் துவாயில் சுற்றிப் பின்தொடையில் வைத்தோம். "ஒண்டுமில்லை, சின்னப் பிடிப்பு" என்றாள். செருப்பு வேண்டுமென்றாள். நான் திரும்பப் போய் மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். கதிரைக்கு முன்னால், வார் அவிழ்த்து, கோயில் வாசலில் விட்டது மாதிரி ஒழுங்காகச் சோடியாக இருந்தன. எடுத்துக்கொண்டு வந்தேன். வரும் வழியில் ஒலிபெருக்கியில் கேடயத்தை அறிவித்தார்கள். அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அந்தக் கேடயத்தைப் பற்றி வாய் திறக்க எனக்கு முகம் இருக்கவில்லை.

புதன்கிழமை லீவு போட்டு அவளோடு ரயிலில் போனேன். தொடையில் நாடா ஒட்டியிருந்தாள். சூடாக்கும் பகுதியில் மெதுவாக ஓடினாள், பிறகு கொஞ்சம் வேகமாக, பிறகு மூன்று எட்டு முழு வேகமாக. நாலாவது எட்டு வைக்கவில்லை. நடந்து வந்து, சட்டையில் குத்தியிருந்த இலக்கத் துண்டை ஊசி ஊசியாகக் கழற்றி, மேசையில் இருந்த பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் அதை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டாள். பதினைந்து வருட ஓட்டம் அவ்வளவில் முடிந்தது. நான் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். திரும்பி வரும் ரயிலில் என் மனைவி கட்டித் தந்த ரோல்ஸைச் சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை. மன்னிச்சுக்கொள் பிள்ளை என்று சொல்ல ஒவ்வொரு தரிப்பிடத்திலும் வாயெடுத்தேன். டோர்ட்மண்ட் வந்துவிட்டது.

புரட்டாதியில் அவள் போய்விட்டாள். தன் பழைய பள்ளிக்கூடத்திலேயே விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வாழ்த்து வரும், நானும் அனுப்புவேன். ஒன்பது வருடம் அப்படிப் போயிற்று. நான் அந்தத் தலையாட்டலோடு வாழப் பழகிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். அஞ்சலோட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு வருடமும் சாமான் அறைக்குள் போய் எதையாவது அடுக்குவேன்.

போன கோடையில் நான் ஓய்வு பெற்றேன். கேற்றுத் திறப்பை ஒப்படைத்த கிழமை அவள் காணொளி அழைப்பில் வந்தாள். எங்களுக்குப் பின்னேரம், அவளுக்குக் காலை. அன்றைக்கு அவளுடைய பள்ளிக்கூடத்தில் இல்லப் போட்டி. கைபேசியைத் திருப்பி மைதானத்தைக் காட்டினாள். வெயில், கொடிகள், கூடாரங்கள், வெறுங்கால் பிள்ளைகள்.

"என்ர கோடு எப்பிடி, அண்ணை?"

"கண்ணை மூடிக்கொண்டு போட்டனீரோ? மூண்டாம் பாதை மெலிஞ்சு போய்க் கிடக்கு."

அவள் சிரித்தாள். தாய்மார் அஞ்சலோட்டம் அங்கேயும் வைக்கிறாளாம், அவள் தொடங்கியதாம். ஆனால் ஒவ்வொரு தாயையும் இருபது நிமிடம் சுற்றி ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகுதான் வரிசையில் விடுவாளாம். பெண்கள் அவளைக் கண்டாலே ஏசுகிறார்களாம். அது ஏன் என்று எனக்குத் தெரியும். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தெரிந்தது.

"பிள்ளை, அண்டைக்கு நான் தலையாட்டியிருக்கக் கூடாது. நீர் என்னைப் பார்த்துக் கேட்டனீர். எனக்குப் புதன்கிழமை தெரியும். தெரிஞ்சுகொண்டும் ஆட்டினனான். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

அவள் கைபேசியைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

"நீங்கள் தலையாட்டினனீங்களோ?"

"ஓம். ஏன், நீர் காணேல்லையோ?"

"நான் கோல் மாத்திற இடத்தைப் பார்த்துக்கொண்டெல்லோ இருந்தனான். நீங்கள் அதுக்கு முன்னுக்கு நிண்டனீங்கள். அண்ணை, தேசிக்காய் ஓட்டம் நடக்கேக்கையே நான் செருப்பைக் கழட்டிட்டன். யாராவது கூப்பிடமாட்டினமோ, கூப்பிடமாட்டினமோ எண்டு அந்தத் துணிக்குப் பின்னாலை வெறுங்காலோடைதான் இருந்தனான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒன்பது வருடம்! வார் அவிழ்த்து ஒழுங்காகச் சோடியாக இருந்த அந்தச் செருப்பை என் கையாலேயே எடுத்தவன் நான். அவசரத்தில் கழற்றினால் ஒன்று அங்கேயும் ஒன்று இங்கேயும் கிடந்திருக்காதா? காலால் ஆட்களை அறிகிறவனாம்! கோபம் போன பிறகு கண் கலங்கியது. அதை அவள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"புதன்கிழமை ஓடியிருந்தால் நேரம் வந்திருக்குமோ?" என்று கேட்டேன்.

"வந்திருக்கும் எண்டுதான் நினைக்கிறன்" என்றாள். பொய் சொல்லி ஆறுதல்படுத்துகிற ஆள் அவள் இல்லை. "கன நாள் அழுதனான். ஆனால் அண்ணை, அதுக்கு முதல் மூண்டு வருஷமா நான் ஒரு இடத்திலையும் முதலாவதா வரேல்லை. என்ர பாதைக்கு எண்டு ஒருத்தரும் கத்தேல்லை." பின்னால் பிள்ளைகளின் சத்தம் கூடியது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வாறன்" என்று அங்கே கத்திவிட்டுத் திரும்பவும் என்னைப் பார்த்தாள். "ஒண்டு கேக்கோணும் எண்டு எத்தினை வருஷமா நினைச்சன். நாங்கள் உள்ளுக்கை ஐஸ் வைச்சுக்கொண்டிருந்ததிலை எனக்குக் கடைசிவரைக்கும் தெரியாமல் போட்டுது. கேடயம் ஆருக்கு?"

"நீலத்துக்கு" என்றேன். "ஒரு புள்ளியாலை."

அவள் கைபேசியை எங்கேயோ போட்டுவிட்டாள். திரையில் வானம் மட்டும் தெரிந்தது. வெண்டிட்டம், வெண்டிட்டம் என்று அவள் கத்துவதும், என்ன நடந்ததென்று தெரியாத பிள்ளைகள் சேர்ந்து கத்துவதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.